பாம்பன் தூக்குப்பாலத்தை உடைக்காதீர்கள், கரையில் வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாம்பன் பழைய ரயில் பாலத்தைப் பிரித்தெடுக்கப் போகிறார்கள் என்ற செய்தியைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. எங்கள் அத்தை வீடு தங்கச்சிமடத்தில். 1988இல் சாலைப் பாலம் திறக்கும்வரை, மண்டபத்திலிருந்து ராமேசுவரம் தீவுக்குப் போக ரயிலை விட்டால் படகுதான். வண்டி பாலத்தில் ஏறியதும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆளுக்கொரு காசு கொடுப்பார். கடலில் போட்டுவிட்டுக் கும்பிடுவோம். வண்டி ஊர்ந்து போகும். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் பாலமே கண்ணில் படாது, கீழே தண்ணீர் மட்டும்தான்.

இரண்டு கிலோமீட்டர் பாலத்தையும் அப்படியே வைத்திருங்கள் என்று கேட்க நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அது நடக்காது, நடக்கவும் கூடாது. பாம்பன் உப்புக்காற்று இரும்பைத் தின்கிற வேகம் கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். தூக்குப்பாலம் பலவீனமானதால்தான் 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். பராமரிப்பு இல்லாத கர்டர்களை, அதாவது இரும்பு உத்திரங்களை, கடலுக்கு நடுவே விட்டுவைத்தால், அடுத்த புயலில் அவை பக்கத்திலேயே நிற்கும் புதுப் பாலத்தின்மேல் போய் மோதினாலும் மோதும். ஆகவே பிரிக்கட்டும். நான் கேட்பது, கப்பலுக்கு வழிவிட நடுவில் இரண்டு கைகளாகத் திறக்கும் தூக்குப்பாலத்தை மட்டும்தான். அதன் இரண்டு கைகளையும் பழைய இரும்பு விலைக்குப் போடாமல், பாம்பன் கரையிலோ மண்டபம் கரையிலோ கொண்டுவந்து நிறுத்துங்கள்.

ஏன் அதை மட்டும் என்றால், 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த இந்தப் பாலத்தில் 140க்கும் மேற்பட்ட கண்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை எந்த ஆற்றுப் பாலத்திலும் பார்க்கக்கூடிய சாதாரணக் கர்டர்கள்தான். தூக்குப்பாலம் வேறு சாதி. சிகாகோ பொறியாளர் ஷெர்ஜர் கண்டுபிடித்த முறை அது. ஒவ்வொரு கையின் அடிப்பகுதியும் வளைந்திருக்கும். சாய்வு நாற்காலி பின்னால் உருளுவதுபோல அந்த வளைவின்மேல் கை உருண்டு எழும்பும். பின்பக்கம் எதிரெடை இருப்பதால் அவ்வளவு பெரிய இரும்பை மோட்டார் இல்லாமல், ஆட்கள் நின்று சுற்றியே திறந்தார்கள். கப்பல் போகிற நாளில் சாலைப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஜனங்கள் இறங்கி வேடிக்கை பார்த்த காட்சியை ராமநாதபுரம் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி மின்தூக்கிபோல நேராக 17 மீட்டர் மேலே போகிறது. அதுவும் நல்ல வேலைதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நூறு வருடத்தில் என்ன மாறியது என்று ஒரு பள்ளிப் பிள்ளைக்குப் புரியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டி பயணிகளோடு கடலில் போனது. பாலத்தில் 120க்கும் மேற்பட்ட கர்டர்கள் விழுந்தன. இந்தத் தூக்குப்பாலம் விழாமல் நின்றது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் வேலையைக் கொடுத்தார்கள். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர் அவர்தான். கடலுக்குள் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்து, 46 நாளில் மறுபடி ரயிலை ஓடவிட்டார். தனுஷ்கோடி ரயில் நிலையத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சென்னை எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் பிடித்த காலத்தின் மிச்சமாக அங்கே இருப்பது சில இடிந்த சுவர்கள். அந்தப் படகு ரயில் வழியில் எஞ்சிய பெரிய இயந்திரம் என்றால் இந்தத் தூக்குப்பாலம்தான்.

கரையில் வைப்பது நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். மகளைப் பார்க்க நியூயார்க் போயிருந்தபோது, ஈஸ்ட் நதிக்கரையில் லாங் ஐலண்ட் சிட்டி என்ற இடத்துக்குக் கூட்டிப்போனாள். சரக்கு ரயில் பெட்டிகளை மிதவைப் படகில் ஏற்றி இறக்க 1925இல் கட்டிய உயரமான இரும்புச் சட்டங்கள் அங்கே நிற்கின்றன. ரயில் நின்றபிறகு பல வருடம் துருப்பிடித்துக் கிடந்தவற்றைச் சீர்செய்து, 1998இல் அவற்றைச் சுற்றி ஒரு பூங்கா அமைத்தார்கள். பூங்காவுக்குப் பெயரே அந்தச் சட்டங்களை வைத்துத்தான். சாயங்காலம் குழந்தைகள் அதன் கீழே ஓடி விளையாடுகிறார்கள். நம்முடையது அதைவிடப் பழையது. புயலில் நின்று காட்டியதும்கூட.

சென்னை, திருச்சி ரயில் அருங்காட்சியகங்களில் ஒரு துண்டை வைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்லக்கூடும். அது வேண்டாம். கடலைப் பார்க்காத இடத்தில் அது வெறும் இரும்புத் துண்டாகத்தான் இருக்கும். ராமேசுவரத்துக்கு வருடம் முழுக்க லட்சக்கணக்கில் யாத்திரிகர்கள் வருகிறார்கள். எல்லாரும் பாம்பனைத் தாண்டித்தான் போகிறார்கள். கரையில் அஸ்திவாரம் போட்டு, பல்சக்கரங்களோடு ஒரு கையையாவது தூக்கிய நிலையில் நிறுத்தினால் போதும், தனியாக விளம்பரம் தேவைப்படாது. ஆனால் கடல் ஓரத்தில் வைத்தால் துருவெடுப்பும் பெயிண்ட்டும் ஓயாத வேலை. அதற்கு வருடாந்திரப் பணம் ஒதுக்காமல் கல்வெட்டு மட்டும் திறந்துவிட்டுப் போவதானால், செய்யாமல் இருப்பதே மேல்.

ரயில்வேயும் தமிழக அரசின் சுற்றுலா, தொல்லியல் துறைகளும் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம் இது. கேஸ் கட்டர் அந்தக் கைகளைத் தொடுவதற்கு முன்னால் பேசவேண்டும். குறைந்தபட்சம் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, எண் போட்டு, படம் எடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள், இடம் முடிவாகும்வரை ஒரு யார்டில் கிடக்கட்டும். அப்புறம், அந்தப் பாலத்தைக் கையால் சுற்றித் திறந்த ஊழியர்களைத் தேடிப் போய் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யவேண்டும். எத்தனை பேர் நிற்பார்கள், காற்று எப்படி இருந்தால் தொடமாட்டார்கள், எங்கே எண்ணெய் விடுவார்கள் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மண்டபம்.