ஸ்டோக்சே: கட்டியவர் பெயர் சொல்லாத வீடு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். தாங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கிலாந்தின் லட்லோ நகரில் குளிர் தணிந்துவிட்டதால் விடுமுறை நாட்களில் வெளியே சென்றுவர முடிகிறது. அப்படிப் பார்த்தவற்றுள், ரயிலில் சில நிமிடத் தொலைவிலுள்ள ஸ்டோக்சே பற்றித் தங்களுக்கு விரிவாக எழுத விரும்புகிறேன்.

ஊரார் இதைக் கோட்டை என்கிறார்கள். உண்மையில் இது அரண் அமைத்துக் கட்டப்பட்ட ஒரு செல்வந்தரின் வீடுதான். பெயரின் முன்பாதி மாட்டுப் பண்ணையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். பின்பாதி, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இந்த நிலத்தை வைத்திருந்த 'டி சே' என்ற நார்மானியக் குடும்பத்தின் பெயர். அவர்கள் 1241இலேயே நிலத்தை விற்றுவிட்டார்கள். இன்று நிற்கும் வீட்டை எழுப்பியவரோ, 1281இல் இதை வாங்கிய லட்லோ கம்பளி வணிகர் லாரன்ஸ். அரசருக்கே கடன் கொடுத்த அந்த மனிதரின் பெயர் இதில் எங்குமே இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சுவரையும் கோபுரத்தையும் அரண்படுத்த 1291இல் மன்னர் முதலாம் எட்வர்ட் அவருக்கு அனுமதி அளித்தார். ஆயினும் பெரிய கூடத்தின் உயரமான சன்னல்களைப் பார்த்தால், போரை எண்ணிக் கட்டிய வீடாகத் தோன்றவில்லை. கூடத்தின் நடுவே தரையிலேயே கல் அடுப்பு இருக்கிறது. புகைபோக்கி கிடையாது, புகை மேலெழுந்து கூரை வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒரு மூலையிலிருந்து ஏறும் மரப்படிக்கட்டின் படிகள் முழு மரங்களை அறுத்துச் செய்தவை. எழுநூறு ஆண்டுகள் மிதிபட்டும் அவை உறுதியாக நிற்பதைக் கண்டு, தச்சர்களின் கைத்திறனை வியந்து வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

லாரன்ஸ் இந்த வீட்டில் நெடுநாள் வாழவில்லை. 1294இல் கம்பளி ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கி இறந்தார். கம்பளி விற்றவர்களுக்கு இழைத்த தீங்கின் பலன் அது என்று டன்ஸ்டபிள் மடத்துத் துறவியர் எழுதிவைத்தார்கள். இரக்கமற்ற தீர்ப்பாகவே எனக்குப் படுகிறது.

1645இல் உள்நாட்டுப் போரில் பெரிய சண்டையின்றிச் சரணடைந்ததால் வீடு தப்பியது. பிறகு பண்ணையாட்கள் களஞ்சியமாகப் பயன்படுத்தினார்கள். 1869இல் இதை வாங்கிய ஆல்கிராஃப்ட் என்பவர் பழுது பார்த்துக் காத்தார். ஆதாம், ஏவாள் உருவங்கள் செதுக்கிய நுழைவாயிலின் படங்களை அடுத்த கடிதத்துடன் அனுப்புகிறேன். அம்மாவுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

தங்கள் அன்பு மகள்