பௌர்ணமிக்கு மறுநாள்

திருவான்மியூர்,
21.02.2026

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. அவசரப்பட்டுக் கைத்தடியை ஓரங்கட்டிவிடாதே. இங்கே அம்மாவுக்குக் காதுதான் கொஞ்சம் மந்தம். மற்றபடி இந்த வயதிலும் சங்கடஹர சதுர்த்தி விரதத்தை விடுவதாக இல்லை.

பகலில் எப்படி நிலா வருகிறது என்று உன் பேரன் கேட்டானாமே. சரியான ஆளிடம்தான் கேள்வியை அனுப்பியிருக்கிறாய். தை அமாவாசையிலிருந்து மாசி அமாவாசை வரை நிலாவை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்திருக்கும் மாதம் அது.

அவனுக்கு இப்படிச் சொல்லிப் பார். சூரியனை விட்டு நிலா தினமும் சுமார் 12 பாகை கிழக்கே தள்ளிப் போகிறது. அந்தத் தூரத்தையும் பூமி சுழன்று கடந்தால்தான் நிலா நம் கண்ணுக்கு எழும். அதனால் தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதம். அமாவாசையன்று சூரியனோடு எழுந்து சூரியனோடு மறையும். வளர்பிறை அஷ்டமிக்கு நண்பகலில் எழும், பௌர்ணமிக்குச் சாயங்காலம், தேய்பிறை அஷ்டமிக்கு நள்ளிரவு. அப்படி நள்ளிரவில் எழுந்த நிலா மறுநாள் நண்பகல் வரை வானத்தில்தான் இருக்கும். உன் பேரன் பள்ளிக்கூடம் போகும்போது பார்ப்பது அதைத்தான்.

இந்தக் கணக்கு பிடிபட்டதிலிருந்து தினசரி காலண்டரில் திதியைப் பார்த்தாலே நிலா எப்போது வரும் என்று தெரிந்துவிடுகிறது. அம்மாவின் விரதத்தையே எடுத்துக்கொள். பௌர்ணமிக்கு நாலாம் நாள் தேய்பிறை சதுர்த்தி. நாலு ஐம்பது இருநூறு நிமிடம், அதாவது மூணே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆறு மணியோடு கூட்டினால் ஒன்பது தாண்டுகிறது. இந்த முறை பிப்ரவரி 5 அன்று நிலா எழுந்ததும் ஒன்பதுக்கு மேல்தான். அது எதிர் அடுக்குமாடியைத் தாண்டி வர இன்னும் அரை மணி ஆனது. அதுவரை அம்மா கொழுக்கட்டைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றும் உண்டு. இப்படித் தள்ளிக்கொண்டே போவதால் மாதத்தில் ஒரு நாள் நிலா எழுவதே இல்லை. தேய்பிறை அஷ்டமியை ஒட்டி, முதல் நாள் இரவு பன்னிரண்டுக்கு முன்னால் எழுந்தது, அடுத்த முறை எழும்போது தேதியே ஒன்று தாண்டியிருக்கும். நான் பார்த்த எந்தக் காலண்டர் தாளிலும் இது அச்சாகவில்லை.

உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது தைப்பூசத்தைப் பற்றி. பிப்ரவரி 1 அன்று பெசன்ட் நகர் கடற்கரையில் கூட்டம் தாங்கவில்லை. எல்லோரும் பௌர்ணமி நிலா பார்க்க வந்தவர்கள். ஆனால் அன்றைக்குச் சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே நிலா எழுந்துவிட்டது. வெளிச்சம் இருக்கும்போது, கடலோர மூட்டத்துக்குள் அது எழுந்ததே யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளிறிப் போய் மேலே நின்றபோதுதான் எல்லோரும் போனைத் தூக்கினார்கள்.

மறுநாளும் போனேன். பாதிக் கூட்டம்கூட இல்லை. சூரியன் ஆறு மணி பத்து நிமிடத்துக்குள் மறைந்தாயிற்று. ஆறரை தாண்டி, கடலும் வானமும் ஒரே நிறமாக இருட்டிய பிறகு, நேர் கிழக்கிலிருந்து இடது கைப் பக்கம் தள்ளி, கருஞ்சிவப்பாக ஒரு விளிம்பு தெரிந்தது. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் அடிப்பாகம் நசுங்கியிருந்தது. முழு வட்டமும் கடலை விட்டு வெளியே வர இரண்டு நிமிடம்தான் ஆகும், கண்ணை எடுக்கவே முடியாது. செம்பு நிறம் ஆரஞ்சாகி, மஞ்சளாகி, அப்புறம்தான் தண்ணீரில் வெள்ளைப் பாதை விழுந்தது. பக்கத்தில் ஊரூர் குப்பத்துப் பெரியவர் ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். இந்த நாலைந்து ராத்திரி வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு ஒதுங்கிவிடும் என்றார். நிலா எழுவதைக் கடற்கரையில் பார்க்க வேண்டுமென்றால் பௌர்ணமிக்கு மறுநாள்தான் போக வேண்டும், கமலா. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்.

மறைவதை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு ஒரு குறை. தைப்பூசத்துக்கு மறுநாள் விடிகாலை மொட்டைமாடியில் நின்றேன். கிழக்கே சூரியன் வந்துவிட்டது, மேற்கே பரங்கிமலைப் பக்கம் நிலா இன்னும் மறையவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில், தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன்.

உன் ஊர்க் கணக்கு வேறு. நாங்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறோம், லண்டன் 51 பாகைக்கும் மேலே. இங்கே தாமதம் பெரும்பாலும் 40 நிமிடத்துக்கும் 60 நிமிடத்துக்கும் நடுவிலேயே நிற்கும். அங்கே செப்டம்பர் பௌர்ணமியை ஒட்டி ஏறக்குறைய 20 நிமிடம்தான் தள்ளிப்போகும். அதுவே வசந்த காலத்தில் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். இங்கே மூன்றாம் பிறை படகு மாதிரி மல்லாந்து கிடக்கும், அங்கே சாய்ந்து நிற்கும். மார்கழிப் பௌர்ணமி இங்கே உச்சந்தலையைத் தாண்டி வடக்கே சாய்ந்து போகிறது. 2024, 2025 இரண்டு வருடமும் நிலா வடக்கிலும் தெற்கிலும் தன் எல்லையைத் தொட்ட காலம். 18.6 வருடத்துக்கு ஒரு முறைதான் அது வரும். இனி இந்த வீச்சு வருடா வருடம் சுருங்கும். போன ஆனிப் பௌர்ணமி உங்கள் வீட்டுக் கூரைகளுக்கு மேல் எழும்பவே திணறியிருக்குமே, கவனித்தாயா?

அடுத்த பௌர்ணமி மார்ச் 3. அன்றைக்குச் சந்திர கிரகணம். உங்களுக்கு அது பகல் நேரம், தெரியாது. எங்களுக்கு நிலா கிரகணத்தோடேயே எழும், 6.47 வரை நிழல் இருக்கும். அம்மா அதற்கு முன்பே சமையலை முடித்துவிட வேண்டும் என்று இப்போதே உத்தரவு போட்டுவிட்டார். நீயும் பேரனும் ஒன்று செய்யுங்கள். மார்ச் 3, 4 இரண்டு நாளும் அங்கே நிலா எழும் நேரத்தைக் குறித்து அனுப்புங்கள். இங்கே நான் குறித்ததோடு சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் அவனுக்கே விளங்கிவிடும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். கால் வலி எப்படி இருக்கிறதென்று மறைக்காமல் எழுது.

உன்
வசந்தா