பாடலைப் பகிரும்போது பாடியவரையும் நினைக்க வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்தில் உறுமி மேளக் குழு நடத்தும் என் தம்பி மகன், தைப்பூசக் காவடிக்காகக் கைக்காசு போட்டு ஒலிப்பதிவு செய்த முருகன் பாடல்கள், வெளியான மறுநாளே வாட்ஸ்அப் வழியாக என் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தன. அனுப்பியவர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினார். ஆனால் பாடியவர் பெயரும் அதில் இல்லை, இயற்றியவர் பெயரும் இல்லை. அச்சிட்ட குறுந்தகடுகள் இன்னும் அவன் கட்டிலுக்கடியில் பெட்டியோடு கிடக்கின்றன.

பகிர்வதால் பாட்டு பரவி, கோயில்களும் கல்யாண வீட்டாரும் குழுவை அழைக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. மேடையேறுபவருக்கு அது உதவும். வீட்டிலிருந்தே பாட்டெழுதித் தருபவருக்கு என்ன கிடைக்கும்?

இந்நாட்டில் இந்த வேதனை பழையது. 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் ‘ம்பூபே’ பாடலைப் பதிவு செய்த பாடகர் சாலமன் லிண்டா, அதன் உரிமையைப் பத்து ஷில்லிங்குக்குக் கொடுத்துவிட்டு 1962இல் வறுமையில் இறந்தார்; அப்பாடல் உலகெங்கும் ஒலித்தபோதும், அவருடைய மகள்களுக்கு உடன்பாட்டின் வழியே ஓரளவு நியாயம் கிடைத்தது 2006இல்தான்.

பாடலைக் கோப்பாக அனுப்பாமல், குழுவினரே வெளியிட்ட இணைப்பை அனுப்பினால், ஒவ்வொரு முறை கேட்பதும் கணக்கிடப்பட்டுச் சிறு தொகையேனும் அவர்களைச் சென்றடையும். காவடியன்று உள்ளூர்க் குழுக்களின் தகடுகளை விற்கக் கோயில் வளாகத்தில் ஒரு மேசை ஒதுக்கித் தருமாறு, கோயில் நிர்வாகத்தினரைத் தங்கள் ஏட்டின் வாயிலாகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சாட்ஸ்வர்த்