ஓய்வூதியர்களும் சூப்பர் டாப்-அப் பாலிசியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழக அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்களில் பலர், அரசின் மருத்துவக் காப்பீடு போதாது என்றெண்ணி, அதற்கு மேல் ஒரு சூப்பர் டாப்-அப் பாலிசி (குறிப்பிட்ட தொகையைத் தாண்டும் மருத்துவச் செலவை ஏற்கும் கூடுதல் காப்பீடு) எடுக்கிறார்கள். எடுப்பது நல்லதே. ஆனால், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா என்று பார்க்காமல் எடுத்துவிடுகிறார்கள் என்பதே என் கவலை.

2022 ஜூலை 1 அன்று தொடங்கிய ஓய்வூதியர் திட்டத்தில், மாதந்தோறும் ஓய்வூதியத்திலிருந்து 497 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டு, கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு ஏற்கப்படும் என்று வகுக்கப்பட்டது. குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு மட்டும் இந்த வரம்பு 10 லட்சம். இந்தத் தொகை ஓராண்டுக்கு உரியதன்று; நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து உரியது. சூப்பர் டாப்-அப் பாலிசியின் கணக்கோ ஆண்டுக் கணக்கு. அதில் 'டிடக்டிபிள்' என்று ஒரு தொகை உண்டு. ஒரு பாலிசி ஆண்டில் ஆகும் மருத்துவமனைச் செலவுகள் அனைத்தையும் கூட்டி, அந்தத் தொகையைத் தாண்டிய பகுதியை மட்டுமே நிறுவனம் கொடுக்கும். ஆண்டு பிறந்ததும் கணக்கு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். (வெறும் 'டாப்-அப்' பாலிசியில் ஒவ்வொரு சிகிச்சையும் தனித்தனியே அந்தத் தொகையைத் தாண்ட வேண்டும் என்பதால், முதியவர்களுக்கு அது அவ்வளவாகப் பயன்படாது.)

என் அண்டை வீட்டுக்காரர், வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், 5 லட்சம் டிடக்டிபிள் உள்ள சூப்பர் டாப்-அப் வைத்திருந்தார். அவருடைய குடல் அறுவைச் சிகிச்சைக்கு அரசுத் திட்டத்தில் நாலரை லட்சம் செலவாகிவிட்டது. மறு ஆண்டு அவர் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததில் 3 லட்சம் ஆனது. அரசுத் திட்டத்தில் மீதமிருந்தது 50 ஆயிரம்தான். அந்த ஆண்டின் செலவு 5 லட்சத்தை எட்டாததால் சூப்பர் டாப்-அப்பிலிருந்தும் ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. இரண்டரை லட்சத்தை அவர் நகையை அடகு வைத்துத்தான் கட்டினார். நிறுவனம் விதியை மீறவில்லை; விதியை அவருக்கு எடுத்துச் சொல்லத்தான் யாரும் இல்லை.

ஆகவே, அரசுத் திட்டத்தை மட்டுமே நம்பியிருப்பவர்கள், பிரீமியம் சற்றுக் கூடினாலும், 2 அல்லது 3 லட்சம் டிடக்டிபிள் உள்ள பாலிசியைத் தேர்ந்தெடுப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. அதையும் ஓய்வு பெறும் நாள் வரை தள்ளிப்போடக் கூடாது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் (அந்த நோய்களுக்கான செலவை ஏற்காத காலம்) விதிக்க நிறுவனங்களுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி தந்திருப்பதால், 60 வயதில் ஓய்வு பெறுபவர் 57 வயதிலேயே எடுத்துவிட வேண்டும். விண்ணப்பத்தில் இந்த நோய்களை மறைக்கவும் கூடாது. முகவர் "எழுத வேண்டாம் சார்" என்று சொன்னாலும் எழுதத்தான் வேண்டும். பின்னர் கிளைம் மறுக்கப்படும்போது அந்த முகவர் உடன் நிற்கமாட்டார். தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருப்பதால், செலவைக் காரணம் காட்டித் தயங்கியவர்கள் மீண்டும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அரசுக்கு இரண்டு வேண்டுகோள்கள். காப்பீட்டுத் தொகையில் எவ்வளவு செலவாகி, எவ்வளவு மீதமிருக்கிறது என்பதை ஆண்டுதோறும் ஒவ்வொரு ஓய்வூதியருக்கும் கருவூலம் வழியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அடுத்தடுத்த கட்டங்களுக்குத் திட்டம் வகுக்கும்போது, நான்காண்டு வரம்பை ஆண்டு வரம்பாக மாற்றுவது குறித்து ஓய்வூதியர் சங்கங்களுடன் கலந்து பேச வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி