மேலே ஒளிந்திருந்த கல்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல்தான் காரணம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? இன்னும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறாயா என்று கேட்டிருந்தாய். போகிறேன். ஆனால் இப்போது கத்தியைவிட, பித்தநாளத்துக்குள் விட்டுப் பார்க்கும் கேமரா குழாயான கோலிடோகோஸ்கோப் மேல்தான் ஆசை அதிகம்.

நாம் படித்தபோது பித்தநாளக் கல்லுக்கு என்ன செய்வோம்? நாளத்தைத் திறந்து, ஃபோர்செப்ஸை விட்டுத் துழாவி, கைக்குத் தட்டுப்பட்டதை எடுப்போம். பித்தம் வெளியே வடிய டி-ட்யூப் என்ற குழாயை வைத்து மூடிவிட்டு, எக்ஸ்ரே எடுக்கும்வரை வயிற்றில் புளியைக் கரைக்கும். இப்போது 3 மில்லிமீட்டர் ஸ்கோப் பித்தப்பைக் குழாய் வழியாகவே உள்ளே போய்விடுகிறது. கல் பெரிது என்றால் நாளத்தைத் திறந்து 5 மில்லிமீட்டர் ஸ்கோப்பை விடுகிறோம். சலைன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; நின்றால் சுவர் ஒட்டிக்கொண்டு திரை முழுக்கச் சிவப்புதான். கீழே இறங்கினால், நாளம் குடலில் திறக்கும் வாயில் இருக்கும் ‘ஓடி’ (Oddi) தசை சுருங்கிச் சுருங்கித் திறப்பது தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

போன வாரம் ஒரு கேஸ். கொலான்ஜியோகிராமில், அதாவது நாளத்தில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில், மூன்று நிழல். கல்லைப் பிடித்திழுக்கும் கம்பிக்கூடையான டார்மியா பாஸ்கெட்டில் இரண்டு கல் வந்தது. மூன்றாவது வெறும் காற்றுக்குமிழி. சரி, முடிந்தது என்று நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கோப்பை மேலே திருப்பினால், இடது கல்லீரல் நாளத்தின் வாயில் மஞ்சளாக ஒன்று உட்கார்ந்திருந்தது! நல்லவேளை, நாளத்தைத் திறந்திருந்தோம். பித்தப்பைக் குழாய் வழியாகப் போயிருந்தால், அது வந்து சேரும் கோணத்தில் ஸ்கோப் மேல்நோக்கித் திரும்புவது கடினம்.

அன்றைக்கே ஒரு வயிற்றெரிச்சலும். ஜூனியர் பையன் ஸ்கோப்பை இரும்பு கிராஸ்பரால் (இடுக்கி மாதிரியான கருவி) பிடித்துவிட்டான். உள்ளே படத்தைக் கடத்தும் கண்ணாடி இழைகள் அறுந்து, படத்தில் ஏழெட்டுக் கரும்புள்ளிகள். திட்டினேன். அப்புறம் பாவமாகிவிட்டது.

கணையத்தில் இந்த ஸ்கோப்பின் அருமை வேறு மாதிரி. நாளத்துக்குள் சளி சுரக்கும் கட்டிகள் இருக்கின்றனவே, அவை தொடர்ச்சியாகத்தான் வளர வேண்டும் என்றில்லை. இடைவெளி விட்டும் முளைக்கும். தலைப்பகுதியை வெட்டி, வெட்டிய ஓரத்தில் கட்டி இல்லை என்று ஃப்ரோசன் ரிப்போர்ட் (ஆபரேஷன் நடக்கும்போதே திசுவை உறையவைத்துப் பார்க்கும் சோதனை) வந்தாலும் வால் பக்கம் இன்னொன்று இருக்கலாம். நாளம் விரிந்துதான் இருக்கும், ஸ்கோப் சுலபமாகப் போகும். மீன்முட்டை கொத்தாக ஒட்டினாற்போல் தெரிந்தால் அங்கேயே பையாப்ஸி. இன்னும் எவ்வளவு வெட்டுவது என்ற கேள்வி சாதாரணமானதா? முழுக் கணையத்தையும் எடுத்தால் ஆயுளுக்கும் இன்சுலின். எல்லாருக்கும் இதைச் செய்யத் தேவையில்லை. நாளம் ஒல்லியாக இருந்தால் நான் தொடுவதேயில்லை.

அந்தக் கல்லை எடுத்த வீடியோவை வைத்திருக்கிறேன். நீ வரும்போது போட்டுக் காட்டுகிறேன், ஆனால் உன் மனைவி பக்கத்தில் இல்லாதபோது. முட்டிக்கு என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்