உனக்கு எதற்கடா பட்டாளத்துத் துப்பாக்கி?

ஒஹாயோ,
அக்டோபர்

அன்புள்ள சுபேதாருக்கு,

இங்கே நாங்கள் நலம். முழங்கால் ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை நடுவில் விட்டுவிடாதே. பட்டாளத்து உடம்பு என்ற திமிர் இந்த வயதில் செல்லாது. தங்கச்சி சொல்வதைக் கேள். பையன் வேலை மாற்றலாகி டெக்ஸாஸ் போய்விட்டான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் வாங்கிய எம்1 கேரண்ட் என்ற பழைய அமெரிக்க ராணுவத் துப்பாக்கியின் படத்தை அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "அந்த மாதிரி ஒன்றைச் சுமந்து திரிந்தவன் நான். எப்போது கீழே வைப்போம் என்றிருந்தது. உனக்கு எதற்கடா பட்டாளத்துத் துப்பாக்கி?" என்று கேட்டிருந்தாய். வீட்டுக்காரியும் இதையேதான் கேட்டாள், இன்னும் கொஞ்சம் சூடாக.

பாதுகாப்புக்கு என்று சொன்னால் பொய். நாலரைக் கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும் எடை, ஒரு மீட்டரைத் தாண்டும் நீளம். இதைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரியில் திருடனைத் துரத்தினால் திருடன்தான் என்னை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். வேட்டைக்கும் போவதில்லை. எனக்குப் பிடித்தது அதன் வேலைப்பாடு. அம்பத்தூரில் மெஷின்களுக்கு வேண்டிய கருவி செய்யும் டூல்ரூமில் கை கறுத்தவன் நான். இதை வடிவமைத்த ஜான் கேரண்டும் நம்ம இனம்தான். 1888இல் கியூபெக்கில் பிறந்து, சின்ன வயதிலேயே நூற்பாலையில் வேலைக்குப் போய், அங்கேயே மெஷின்களோடு பழகி டூல் மேக்கர் ஆனவர். பிறகு மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்ட் அரசு ஆயுதச்சாலையில் உட்கார்ந்து இதை உருவாக்கினார். ராணுவம் 1936இல் எம்1 என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. துப்பாக்கியை வரைந்ததோடு நிற்காமல், அதைச் செய்வதற்கான மெஷின் டூல்களையும் அவரே யோசித்துக் கொடுத்தார். அந்த இடத்தில்தான் மனிதர் என்னை விழவைத்தார்.

ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை அடைக்கும் தண்டை, இழுத்துத் தள்ள வேண்டாம், டிரிகரை அழுத்தினால் போதும். இரண்டாம் உலகப் போரில் சாதாரணக் காலாட்படை வீரனுக்கெல்லாம் இப்படிப்பட்ட துப்பாக்கியைக் கொடுத்த ஒரே பெரிய படை அமெரிக்கப் படைதான். நம் ஆட்கள் 1962இல் சீனாக்காரனை போல்ட் இழுக்கும் .303 துப்பாக்கியை வைத்துக்கொண்டு எதிர்த்தார்கள் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ சுமந்த எஸ்.எல்.ஆர்., தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி, அதற்கப்புறம்தான் வந்தது.

கொரியப் போர்க் காலத்தையும் சேர்த்து ஐம்பது லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஆனால் கேரண்டுக்கு ராயல்டி என்று ஒரு டாலர் கிடையாது. காப்புரிமையை அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கு 1,00,000 டாலர் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது, அதுவும் நிறைவேறவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு 1953இல் ஓய்வு பெற்றார். நம் கம்பெனிகளில் இன்கிரிமெண்ட்டுக்கு நடந்த சண்டைகளை நினைத்துக்கொண்டேன்.

வாங்கிய கதையும் கேள். சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்று இங்கே ஒரு அமைப்பு இருக்கிறது. பொதுமக்கள் குறிபார்த்துச் சுடப் பழக வேண்டும் என்று 1903இல் அரசு தொடங்கிய ஏற்பாடு அது. 1996இல் லாப நோக்கமில்லாத தனி நிறுவனமாக்கிவிட்டார்கள். ராணுவம் கழித்துப் போட்ட எம்1களை அவர்கள்தான் விற்கிறார்கள். மற்ற நாடுகளுக்குக் கொடுத்துத் திரும்ப வந்தவையும் அதில் உண்டு: டென்மார்க், கிரீஸ், சமீபத்தில் பிலிப்பைன்ஸ், துருக்கி. கிரீன் கார்டு போதாது, குடியுரிமை வேண்டும். துப்பாக்கி சுடும் கிளப் உறுப்பினர் என்பதற்கும், சுடப் பழகியவன் என்பதற்கும் சான்று காட்ட வேண்டும். பின்னணி விசாரணையும் உண்டு. எனக்கு எல்லாம் கூடிவந்த பிறகு ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரியில் இருக்கும் அவர்கள் கடைக்குப் போனேன்.

அடடா, அதைச் சொல்லியே ஆக வேண்டும். வரிசை வரிசையாக ரேக்கில் துப்பாக்கிகள். பேரலின் (குழலின்) வாயும், தோட்டா நுழையும் பக்கத்துத் தொண்டையும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று கேஜ் வைத்து அளந்து, அந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதிக் கட்டியிருக்கிறார்கள். எண் குறைய குறையத் தேய்மானம் குறைவு. மற்றவர்கள் மரக்கட்டையின் பளபளப்பைப் பார்த்தார்கள், நான் அட்டையைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நடந்தேன். எடுத்துவந்ததன் ரிசீவர், பேரலையும் போல்ட்டையும் தாங்கும் நடு உடல், 1944இல் ஸ்பிரிங்ஃபீல்டில் செய்தது. பேரல் ஐம்பதுகளில் மாற்றியது. உள்ளே வின்செஸ்டர் செய்த பாகங்கள் சில, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் பாகம் ஒன்று. ஆமாம், டிராக்டர் கம்பெனிதான். நம் மகிந்திரா டிராக்டர் தொடங்கியதே அவர்களோடு கூட்டு வைத்துத்தான். எந்தெந்த ஊரிலோ, பத்துப் பதினைந்து வருட இடைவெளியில் செய்த பாகங்கள் அரம் தொடாமல் ஒன்றோடொன்று பொருந்தி ஓடுகின்றன. பழைய பொருள் சேகரிப்பவர்கள் எல்லாப் பாகமும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும் என்று அலைந்து ஆயிரக்கணக்கில் கொட்டுகிறார்கள். எனக்கு இந்தக் கதம்பம்தான் பெருமை. உன் சர்வீஸ் ரெக்கார்டு மாதிரி, எங்கெல்லாம் போஸ்டிங் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

இனி சுடுவது. மேகசீனை, அதாவது தோட்டாப் பெட்டியை, கழற்றி மாட்டும் வேலை இல்லை. எட்டுத் தோட்டாவை இறுக்கிப் பிடித்த கிளிப்பை அப்படியே மேலிருந்து உள்ளே அழுத்த வேண்டும். அழுத்தியதும் போல்ட் பாய்ந்து வந்து மூடும். கட்டைவிரலை எடுக்கத் தாமதித்தவர்களின் நகம் கறுத்துப்போவதை எங்கள் கிளப்பில் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை ஓரத்தால், போல்ட்டை நகர்த்தும் ஆப்பரேட்டிங் ராடைப் பிடித்துக்கொண்டால் பயமில்லை. எட்டாவது குண்டு போனதும் காலி கிளிப் 'டிங்' என்று வெளியே தெறிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு எதிரி பாய்ந்து வருவான் என்று ஒரு கதை உலவுகிறது. சுற்றிலும் வெடித்துக்கொண்டிருக்கும்போது அது யார் காதில் விழும்? நீதான் சொல்ல வேண்டும்.

கேரண்ட் பெயரிலேயே போட்டிகள் நடக்கின்றன. 200 கஜம். படுத்து நிதானமாக 10, படுத்தே வேகமாக 10, நின்றுகொண்டு 10. மொத்தம் 300 புள்ளி. வேகச்சுற்றில் முதலில் 2, பிறகு முழுக் கிளிப் 8. கை பழகியிருந்தால்தான் முடியும். பின்னால் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்பதால் என் கிழட்டுக் கண்ணுக்கும் முன்சைட் தெளிவாகத் தெரிகிறது. படுத்தால் நானும் ஆள்தான். நின்றால் முனை தாளம் போட ஆரம்பித்துவிடும். கடைத் தோட்டா எல்லாம் ஒத்துவராது, பழைய ராணுவ அளவில் செய்ததாக இருக்க வேண்டும். பலமான நவீனத் தோட்டா போட்டால் ஆப்பரேட்டிங் ராடு வளைந்துபோகும். ஒரு தோட்டா ஒரு டாலருக்கு மேல். வீட்டுக்காரியின் சூட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு உறுத்தும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். இங்கே பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச்சூடு என்று நீ டிவியில் பார்க்கும்போதெல்லாம் பெரும்பாலும் காட்டும் ஏ.ஆர். துப்பாக்கியும் என்னுடையதும் டிரிகருக்கு ஒரு குண்டு என்ற கணக்கில் ஒன்றுதான். அந்த மாதிரித் துப்பாக்கிகளுக்கு இங்கே 1994 முதல் 2004 வரை இருந்த தடை என்னுடையதைத் தொடவில்லை, கழற்றி மாட்டும் மேகசீன் இல்லாததால். அதனால் என்னுடையது சாது என்று கிளப்பில் சிலர் வாதாடுவார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. இரண்டுமே ஆளைக் கொல்லச் செய்தவை. பூட்டிய இரும்புப் பெட்டியில்தான் வைத்திருக்கிறேன், தோட்டா வேறு அறையில். தேர்தல் அறிவித்ததும் நீ உன் இரட்டைக்குழலை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு வருகிறாயே, அதைச் சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. அலைச்சல் என்று நீ புலம்புவாய். இந்த ஊர் கொஞ்சம் அலையட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, நான் உள்பட.

ஜனவரியில் பொங்கலுக்கு வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. அதற்குள் இதற்குப் பதில் எழுது. எஸ்.எல்.ஆரில் வெடிப்பு வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கேஸ் ரெகுலேட்டர் உண்டே, அதை நீங்களே திருகி வைத்துக்கொள்வீர்களா, இல்லை துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர்தான் தொடுவாரா? நீலகிரி வெலிங்டனில் உனக்கு முதலில் கொடுத்த துப்பாக்கியின் பட் நம்பர், அந்தக் கட்டையில் எழுதியிருக்குமே, அது இன்னும் ஞாபகம் இருக்கிறதா?

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்