லேத்தும் ஒரு பதவியும்

கோவை,
14.7.2017

அன்புள்ள முத்து,

இங்கு அனைவரும் நலம். உன் இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணம் அன்று. 19 ஆண்டுகள் உழைத்த பம்ப் தொழிற்சாலை மே மாத இறுதியில் என்னை வாசலோடு நிறுத்திவிட்டது. ஒரு மாத நோட்டீசும் இல்லை, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்று சட்டம் சொல்லும் ஈட்டுத்தொகையும் இல்லை. ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட்டால் கணக்கை முடிப்பதாகச் சொன்னார்கள். உன் அண்ணன் பட்ட பாடு நினைவுக்கு வரவே மறுத்துவிட்டேன்.

நம் மீசைக்காரர் அனுப்பிவைத்த வக்கீல் நிலத் தகராறுகளில் புலி. என் கதையைக் கேட்டுவிட்டுப் பட்டா இருக்கிறதா என்று கேட்காததுதான் குறை. பிறகு சங்கத்தின் பழைய செயலாளர், தொழிலாளர் வழக்குகளை மட்டுமே நடத்தும் ஓர் அம்மையாரிடம் அழைத்துச் சென்றார். அவர் கட்டணத்தைப் பேசுமுன், "காலையில் உள்ளே போனதும் முதலில் எதைத் தொடுவீர்கள்?" என்று கேட்டார். லேத்தை என்றேன். "அப்படியானால் வழக்கு இருக்கிறது" என்றார்.

2010இல் நீ மைசூர்பாகு பிடுங்கித் தின்றாயே, அந்த மேற்பார்வையாளர் பதவிதான் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது. மேற்பார்வைப் பணியில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி தொழிலாளி ஆகமாட்டாராம். ஆனால் நீதிமன்றம் பதவியின் பெயரைவிட, ஒருவர் முதன்மையாகச் செய்த வேலை எது என்பதையே பார்க்குமாம். வீட்டைப் புரட்டியதில் புளிப்பானைக்கு அடியில் என் மனைவி விரித்திருந்த பழைய உற்பத்தி அட்டைகள் ஒன்பது கிடைத்தன. நான் கடைந்த உருப்படிகளின் எண்ணிக்கையும், எண்ணெய் படிந்த என் பெருவிரல் தடமும் அவற்றில் அப்படியே இருக்கின்றன.

சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்தாயிற்று. 45 நாள்களில் தீராவிட்டால் நேரே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். எதிர்த்தரப்பு சம்மதித்து நீதிமன்றமும் அனுமதித்தால்தான் அங்கே வக்கீல் ஆஜராக முடியும் என்பது இன்னொரு வேடிக்கை. அவர்களுக்கும் வக்கீல் வேண்டியிருக்கும், சம்மதிப்பார்கள் என்று அம்மையார் சிரிக்கிறார்.

ஒன்பது அட்டைகள் போதாது, முத்து. 2013 வரை அடுத்த லேத்தில் நின்றவன் நீ. நான் கடைசல் வேலைதான் செய்தேன் என்று சாட்சி சொல்ல வருவாயா? உன் மகன் அங்கேதான் வேலை பார்க்கிறான் என்பதை அறிந்தே கேட்கிறேன். முடியாதென்றால் முடியாதென்று ஒரு வரி எழுது, வருத்தப்பட மாட்டேன்.

அன்புடன்,
சுந்தரம்